மூன்றாம் சிலிண்டர் மட்டும் ஏன் வெளுத்தது: டர்போ எஸ்டீமில் ஓர் இன்ஜெக்டர் ஆய்வு

வண்டியும் புகாரும்

வண்டி 2004 மாடல் மாருதி எஸ்டீம். 1,298 சி.சி., 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்). ஆலையிலிருந்து வந்தபோது 85 குதிரைசக்தி. இப்போது அதில் காற்றை அழுத்தி ஊட்டும் சின்ன டர்போ ஒன்று 0.5 பார் பூஸ்டில் (கூடுதல் காற்றழுத்தத்தில்) ஓடுகிறது. கம்பெனி இ.சி.யு.வை (இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி) கழற்றிவிட்டு, லேப்டாப்பில் மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணை) எழுதும் தனி இ.சி.யு. மாட்டியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த இன்ஜெக்டர்கள் பூஸ்டுக்குப் போதாது என்பதால், 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 320 மி.லி. என்று சொல்லி விற்கப்பட்ட பழைய செட் ஒன்றும் ஏறியிருக்கிறது.

உரிமையாளர் கீழக்கரைக்காரர், வேலை வளைகுடாவில். ஊருக்கு வரும்போது கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகவே இந்த வண்டி. மற்ற மாதங்களில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டு ஷெட்டில் அப்படியே நிற்கும். இந்த நிற்கும் மாதங்கள் பின்னால் கணக்கில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும் வண்டியில் இப்படிக் கை வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. இது டிராக் வண்டி என்பதால்தான் நான் தொட்டேன்.

புகார்கள் மூன்று. ஐடில் நிற்காமல் தள்ளாடுகிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் இன்னும் மோசம். 4,500 சுற்றுக்கு மேல் பூஸ்டில் நாக்கிங் (கலவை தப்பாக வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்கிறது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பழுப்பு, மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதாவது பெட்ரோல் குறைந்து சூடு ஏறியதன் அடையாளம்.

இதற்கு முன் ஒரு நகரத்தில் மேப் போட்டவர்கள், மேப் சரியாகத்தான் இருக்கிறது, பெட்ரோல்தான் மோசம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்கள்: மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் இ.சி.யு.வில் பத்து சதவீதம் பெட்ரோல் கூட்டிவிடலாம் என்று. இந்த யோசனை ஏன் உதவாது என்பதைச் சொல்லத்தான் இந்த ஆய்வை முழுதாக எழுதுகிறேன்.

வைட்பேண்ட் காட்டியதும் காட்டாததும்

அவர்கள் சொன்னதில் ஒன்று உண்மை. புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரின் பதிவைத் திறந்து பார்த்தால் பூஸ்டில் லாம்டா 0.82 (முழு எரிப்புக்குச் சரியான கலவை 1; அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் குறைவு). டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு நல்ல எண்தான் அது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற பழைய 14.7 அளவுகோலில் சொன்னால் 12.05. (இப்போது பெட்ரோல் பங்கில் வரும் இ-20-க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, முழு எரிப்பு விகிதம் 13.5 அளவில்தான்; ஆனாலும் பெரும்பாலான மீட்டர்கள் 14.7-ஐ வைத்தே பெருக்கிக் காட்டுகின்றன. அதனால் எரிபொருள் எதுவானாலும் லாம்டாவிலேயே பேசுவது நல்லது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே.)

ஆனால் அந்த சென்சார் உட்கார்ந்திருப்பது நான்கு புகைக்குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு. அது படிப்பது நான்கு சிலிண்டர்களின் கலவையை. வகுப்புச் சராசரி அறுபது என்றால் ஃபெயிலான பையனே இல்லை என்று ஆகிவிடுமா? மேப் எழுதுபவர் அந்தச் சராசரியைப் பார்த்து எரிபொருளைக் கூட்டுவார், குறைப்பார். ஒரு சிலிண்டர் பெட்ரோல் குறைந்து காய்ந்துபோயிருந்தால் மற்ற மூன்றும் அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூடி நனைந்து நிற்கும். திரையில் 0.82 வரும், எல்லோரும் திருப்தியாக இருப்பார்கள். உருகப்போவது மூன்றாம் பிஸ்டன்.

முதலில் இடம் மாற்றிப் பார்த்தது

ஒரு பிளக் வெளுத்தால் உடனே இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. அந்த சிலிண்டரின் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு இருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் தவறாக இருக்கலாம். கம்ப்ரெஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இன்டேக் சந்துகளில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தோம், ஐடிலில் மாற்றமில்லை, ஆகக் கசிவு இல்லை.

அப்புறம் செய்ததுதான் இருப்பதிலேயே மலிவான சோதனை. மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாட்டினோம். ஓ-ரிங் புதுசு, பிளக்குகள் நான்கும் புதுசு. பூஸ்டில் தொடர்ந்து ஓட்டாமல், மிதமான சுமையில் ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை நிறுத்தி பிளக்கைக் கழற்றினோம். வெள்ளை நிறம் முதல் சிலிண்டருக்கு நகர்ந்துவிட்டது. குற்றவாளி சிலிண்டரில் இல்லை, இன்ஜெக்டரில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். இந்த சோதனைக்கு ஒரு ஸ்பேனர் செட்டும் நான்கு ஓ-ரிங்கும் போதும், ஆனாலும் இதைச் செய்யாமல் நேரடியாக லேப்டாப்பைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

ஓட்டிப் பார்த்தது எங்கே என்று கேட்பீர்கள். தனுஷ்கோடி சாலையில் இல்லை. அரிச்சல்முனை வரை நேராகக் கிடக்கும் அந்த ரோட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும், ஆனால் காற்று தள்ளிவந்த மணல் தாரின் மேல் பரவிக் கிடக்கும், சுற்றுலா வேன்கள் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு தனியார் இடத்தின் உள்பாதையில் செய்தோம்.

பம்ப் கடையில்

இன்ஜெக்டரைச் சோதிக்கும் பழக்கம் நம் கரைக்குப் புதிதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் எல்லாமே டீசல். அவற்றின் நாசில்களைக் கையால் நெம்பும் டெஸ்டரில் மாட்டி, எத்தனை பாரில் திறக்கிறது, எப்படிப் பீய்ச்சுகிறது, நுனியில் சொட்டுகிறதா என்று பார்க்கும் பம்ப் கடைகள் ராமநாதபுரம் பக்கம் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறும், இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான். நாங்கள் போனதும் அந்த நேரத்தில். மேசை முழுக்கப் படகு நாசில்கள்.

"தம்பி, போட்டுக்காரங்க வேலை முடிஞ்சாத்தான் உங்க வேலை" என்றார் கடைக்கார அண்ணன். சரி என்று காத்திருந்தோம்.

அவரிடம் பெட்ரோல் இன்ஜெக்டருக்கான மெஷினும் உண்டு: மேலே இன்ஜெக்டர்களை வரிசையாக மாட்டும் ரெயில் என்ற குழாய், கீழே அளவு போட்ட கண்ணாடிக் குழல்கள், பக்கத்தில் அல்ட்ராசோனிக் தொட்டி. டீசல் நாசிலைப் பார்த்துப் பழகிய கைக்கு இங்கே ஒரு விஷயம் புரியச் சற்று நேரம் பிடிக்கும். டீசல் நாசில் அழுத்தத்தால் திறக்கிறது, அதனால் அங்கே கேள்வி அழுத்தத்தைப் பற்றியது. பெட்ரோல் இன்ஜெக்டரைத் திறப்பது மின்சாரம். அழுத்தம் இன்டேக் அழுத்தத்தை விட 3 பார் அதிகம், அந்த வித்தியாசம் மாறுவதில்லை; மாறுவது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஆகவே இங்கே கேட்க வேண்டியது இரண்டு: முழுதாகத் திறந்தால் எவ்வளவு ஊற்றுகிறது? திற என்று மின்சாரம் சொன்ன பிறகு எவ்வளவு தாமதமாகத் திறக்கிறது?

பெரும்பாலான கடைகளில் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்குப் பெட்ரோலை ஊற்றாதீர்கள். அதற்கென்று விற்கும் டெஸ்ட் திரவம் எளிதில் பற்றாது. ஆய்வகத் தரமுறையான எஸ்.ஏ.இ. ஜே1832 என்-ஹெப்டேனை வைத்து அளக்கச் சொல்கிறது. கடை மெஷினின் திரவம் வேறு, அடர்த்தி வேறு. அதனால் கடையில் வரும் எண்ணும் தயாரிப்பாளர் தாளில் உள்ள எண்ணும் கொஞ்சம் விலகும். நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட அது தடையில்லை.

முழுத் திறப்பில்

3 பாரில், 30 வினாடி தொடர்ந்து திறந்துவைத்து அளந்தோம். கழுவாமல், வண்டியிலிருந்து வந்த நிலையிலேயே. இது முக்கியம், முதலில் கழுவிவிட்டால் நோய் என்ன என்பதே தெரியாமல் போகும்.

முதலாவது 159 மி.லி., இரண்டாவது 157, மூன்றாவது 138, நான்காவது 161. நிமிடக் கணக்கில் 318, 314, 276, 322. சராசரி 307.5. பெரியதற்கும் சிறியதற்கும் இடைவெளி சராசரியில் 15 சதவீதம்.

இதை வண்டிக்குள் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூஸ்டில் இன்ஜெக்டர் நெடுநேரம் திறந்திருப்பதால் முழுத் திறப்பு விகிதமே ஏறக்குறைய எரிபொருள் விகிதம். மூன்றாவதற்குக் கிடைப்பது சராசரியில் 0.90 பங்கு. கூட்டு லாம்டா 0.82 என்றால் அந்த சிலிண்டரின் லாம்டா 0.91. நான்காவதன் லாம்டா 0.78. ஒரே இன்ஜினில் ஒரு சிலிண்டர் டர்போவுக்கு ஆபத்தான அளவு காய்ந்தும் இன்னொன்று தேவைக்கு மேல் நனைந்தும் ஓடியிருக்கின்றன. நாக்கிங் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

மூன்றாவது இன்ஜெக்டரின் வாயில் இருக்கும் குட்டி வலை ஃபில்டரைக் கொக்கியால் இழுத்தால் அதில் செம்பழுப்புத் தூள் அடைத்துக் கிடந்தது. மற்றவற்றிலும் இருந்தது, ஆனால் லேசாக. வலைகளை மாற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் இன்ஜெக்டர்களைத் திறந்து மூடிக்கொண்டே கழுவினோம். மூடியபடி போட்டுவைத்தால் உள்ளே திறந்து மூடும் ஊசி உட்காரும் இடத்தில் உள்ள பிசின் போகாது. மறுபடி அளந்தால் 320, 318, 312, 323. இடைவெளி 3.5 சதவீதம்.

இங்கே கடைக்கார அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவுதான் தம்பி, நாலும் ஒண்ணாயிருச்சு." வழக்கமான கழுவும் வேலையில் இதோடு பில் போட்டுவிடுவார்கள். பீய்ச்சும் கூம்பும் நான்கிலும் அழகாக இருந்தது, அழுத்தத்தில் வைத்திருந்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனால் வண்டிக்காரரின் முதல் புகார் ஐடில். ஐடிலில் எந்த இன்ஜெக்டரும் 30 வினாடி திறந்திருப்பதில்லை.

இரண்டரை மில்லி செகண்ட்

ஐடிலில் இந்த வண்டியின் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் திறக்கச் சொல்லப்படுவது சுமார் 2.5 மில்லி செகண்ட். அதில் ஒரு பகுதி, காந்தச் சுருளில் மின்சாரம் ஏறி ஊசியைத் தூக்குவதற்கே போய்விடும். அந்த நேரத்தில் ஒன்றும் பீய்ச்சாது. டெட் டைம் என்று டியூனர்கள் சொல்வது இதைத்தான். 16 மில்லி செகண்ட் திறந்திருக்கும்போது ஒரு மில்லி செகண்ட் போனால் பெரிதாகத் தெரியாது. இரண்டரையில் ஒன்று போனால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. அந்த ஒன்று ஒரு இன்ஜெக்டரில் 1.2 ஆனால்?

மெஷினை 13.5 வோல்ட், 2.5 மில்லி செகண்ட், 5,000 துடிப்பு என்று வைத்தோம். குழலின் கோடுகளைக் கண்ணால் படிப்பதை விட்டுவிட்டோம். குழலில் வளைந்து நிற்கும் திரவ மட்டத்தை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். சிறு பாட்டிலில் பிடித்து, நகைக்கடைத் தராசு ரகத்தில் ஒன்றை வைத்து எடை போட்டு, திரவத்தின் அடர்த்தியால் வகுத்தோம். கிடைத்தது: முதலாவது 40.0 மி.லி., இரண்டாவது 40.3, மூன்றாவது 39.8, நான்காவது 34.4.

முழுத் திறப்பில் எல்லாரையும் விட அதிகம் ஊற்றியது நான்காவது. குறுந்துடிப்பில் அதுவே 14 சதவீதம் பின்தங்கி நின்றது. அண்ணன் திரும்பவும் மாட்டச் சொன்னார், ரெயிலில் இடம் மாற்றியும் மாட்டினோம். எண் அதே இடத்தில் நின்றது.

அடுத்து 5 மில்லி செகண்ட். முதலாவது 106.7, நான்காவது 101.7, வித்தியாசம் 5 சதவீதமாகச் சுருங்கியது. இந்த இரண்டு அளவையும் வைத்து டெட் டைமை யாரும் கணக்குப் போடலாம். நான்காவதற்கு 101.7-லிருந்து 34.4-ஐக் கழித்தால் 67.3. கூடுதலான 2.5 மில்லி செகண்டில் கிடைத்தது அது, ஆக ஒரு மில்லி செகண்டுக்கு 26.9. 34.4 மி.லி. ஊற்ற அதற்குத் தேவைப்பட்ட உண்மையான திறப்பு 34.4-ஐ 26.9-ஆல் வகுத்தது, அதாவது 1.28. கொடுத்தது 2.5, ஊற்றியது 1.28. மீதி 1.22 மில்லி செகண்ட் டெட் டைம். முதலாவதற்கு இதே கணக்கு 1.00 தருகிறது. இரண்டாவதற்கு 0.98, மூன்றாவதற்கு 0.97.

நகரத்து டியூனர் சொன்ன பத்து சதவீத யோசனையை இப்போது எடுத்துப் பாருங்கள். நான்காவது இன்ஜெக்டரின் பிழை ஐடிலில் 14 சதவீதம் குறைவு, நடுவில் 5 சதவீதம் குறைவு, முழுத் திறப்பில் ஒரு சதவீதம் அதிகம். எந்த ஒரு சதவீதத்தை இ.சி.யு.வில் போடுவீர்கள்? ஐடிலுக்குச் சரியாகப் போட்டால் பூஸ்டில் அந்த சிலிண்டர் மூழ்கும். மூன்றாவதன் பிழை வேறு மாதிரி: அடைப்பு, எல்லா இடத்திலும் ஒரே விகிதம். அதற்குப் பத்து சதவீதம் போட்டிருந்தால் அப்போதைக்குச் சரியாகியிருக்கும். அடைப்பு வளர வளர மறுபடி காய்ந்திருக்கும், யாராவது கழுவிவிட்ட அன்றைக்கு பத்து சதவீதம் மிஞ்சி நின்றிருக்கும். 320 என்று ஒற்றை எண்ணை மட்டும் கேட்டு இன்ஜெக்டர் வாங்குபவர்கள் பாதி விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த எண்ணிலும் எந்த அழுத்தத்தில் என்று கேட்க வேண்டும்: 3 பாரில் 320 ஊற்றுவது 3.5 பாரில் 346 ஊற்றும், ஏனெனில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும்.

நான்காவதன் சுருள் மின்தடை மற்றவற்றைப் போலவே 14 ஓம் அளவில்தான் இருந்தது. மின்பக்கம் குறையில்லை, ஊசிதான் சோம்பல். இன்னொரு முறை கழுவியும் மாறாததால் அதை ஒதுக்கிவிட்டோம். சென்னை புதுப்பேட்டையிலிருந்து அதே பார்ட் எண்ணில் இரண்டு வரவழைத்து அளந்ததில் ஒன்று 317-ம் 1.01-ம் காட்டியது. அது நான்காவதானது. இப்போது செட்டின் முழுத் திறப்பு இடைவெளி 2.5 சதவீதம், குறுந்துடிப்பில் 2.3. டர்போ வண்டிக்கு 3 சதவீதத்துக்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் போனால் வேறு தேடச் சொல்வேன்.

வோல்ட்டும் உப்பும்

டெட் டைம் பேட்டரி வோல்ட்டைப் பொறுத்து மாறும். வோல்ட் குறைந்தால் காந்தம் மெதுவாக ஏறும். அதனால் செட்டை நான்கு வோல்ட்டில் அளந்து சராசரி எடுத்தோம்: 10 வோல்ட்டில் 1.62, 12-இல் 1.21, 13.5-இல் 0.99, 14.5-இல் 0.88. வண்டியின் இ.சி.யு.வில் முன்பு போட்டிருந்த அட்டவணையில் 13.5 வோல்ட்டுக்கு 0.75 என்று இருந்தது. வேறு ஏதோ இன்ஜெக்டரின் எண்கள், அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குறையை மறைக்க ஐடில் பக்கத்து எரிபொருள் கட்டங்களில் எண்கள் ஏற்றப்பட்டிருந்தன. மேப்பைப் படமாகப் பார்த்தபோது அந்த மூலை மட்டும் மேடு தட்டி நின்றதற்கு அர்த்தம் இதுதான்.

ஆனால் ஃபேன் ஓடினால் ஐடில் விழுவதற்கு இது மட்டும் போதாது. இன்ஜின் ஓடும்போது, ஃபேனும் ஓடும்போது அளந்தோம். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பேட்டரி பாசிட்டிவுக்கும் இன்ஜெக்டர் கப்ளரின் (மின் இணைப்பான்) சப்ளை பின்னுக்கும் நடுவே 1.1 வோல்ட் இழப்பு. இ.சி.யு. எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2. ஆக இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 12.6 மட்டும். இ.சி.யு.வுக்குத் தனி ஃபியூஸ் வழியாக சப்ளை போவதால் அது தன் பின்னில் 13.7-ஐப் பார்த்து அதற்கேற்ற டெட் டைமைப் போடுகிறது. இரண்டுக்கும் இடையில் 0.15 மில்லி செகண்ட் காணாமல் போகிறது. ஐடிலில் உண்மையான திறப்பு 1.5 என்பதால் அது பத்து சதவீதம். ஃபேன் நின்றால் இழப்பு குறையும், கலவை மாறும். ஐடில் தள்ளாட்டத்தின் மறுபாதி இங்கே இருந்தது.

ரிலே சாக்கெட்டைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. காலெல்லாம் பச்சைக் களிம்பு. கீழக்கரையிலோ மண்டபத்திலோ வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. உப்புக்காற்று முதலில் தகரத்தைத் தின்கிறது என்று நினைப்போம், அதற்கு முன் கப்ளர்களைத் தின்றுவிடும். சாக்கெட், ரிலே, சப்ளை வயர், இன்ஜெக்டர் கப்ளரின் பின்கள் எல்லாம் புதிது. எர்த் பாயிண்டைச் சுரண்டி, புது லக் வைத்து, மேலே கிரீஸ் பூசினோம். மறுபடி அளந்ததில் மொத்த இழப்பு 0.2 வோல்ட். மல்டிமீட்டரை வைத்து அளக்கும்போது இன்ஜெக்டர்கள் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது அளந்தால் மின்சாரம் ஓடாது, இழப்பும் தெரியாது, எல்லாம் 12.5 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும்.

டேங்க்

செம்பழுப்புத் தூள் எங்கிருந்து வந்தது? டேங்கை வடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் நிற்கவைத்தோம். அடியில் தனியாக ஒரு படலம், அதன் கீழ் துரு மண்டி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு கடற்கரை ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றால் மேலே இருக்கும் காலி இடத்தில் ஈரக்காற்று போய்வந்துகொண்டே இருக்கும். எத்தனால் தாங்கும் அளவு வரை தண்ணீர் கலந்திருக்கும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். இந்த எஸ்டீமின் தகர டேங்க் அங்கேதான் துருப்பிடித்திருக்கிறது. பம்பின் வலையும் கிழிந்திருந்ததால் தூள் ரெயில் வரை போயிருக்கிறது.

டேங்கைக் கழற்றிக் கழுவி, பம்ப் வலை, லைன் ஃபில்டர் மாற்றி, பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதிலாக எத்தனால் தாங்கும் குழாய்கள் போட்டோம். அப்போது கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. இன்டேக் ஓட்டைகள் திறந்து கிடக்கும்போது மணல் உள்ளே போனால் இத்தனை வேலையும் வீண் என்பதால் ஒவ்வொன்றுக்கும் துணியைச் சுற்றி டேப் ஒட்டினோம்.

புதிதாக அடித்த பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்பதையும் பார்த்தோம். அளவுக் குழலில் 10 மி.லி. தண்ணீர், மேலே 90 மி.லி. பெட்ரோல், குலுக்கி நிற்கவைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 28 அளவுக்கு வந்தால் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எங்களுக்கு அதை ஒட்டியே வந்தது. ஆக இந்தப் புகார்களில் பெட்ரோல் பங்கின் மேல் பழி போட ஒன்றுமில்லை. பழைய மேப்பைப் போட்டவர்கள் சாதாரண பெட்ரோலின் 14.7-ஐ இ.சி.யு.வில் விட்டுவைத்திருந்ததை 13.5 ஆக்கினோம்.

மறுபடி மேப்

இதற்குப் பிறகுதான் லேப்டாப். இன்ஜெக்டர் அளவு 317, டெட் டைம் அட்டவணை நாங்கள் அளந்தது, சிலிண்டர் வாரியான திருத்தம் எல்லாம் பூஜ்யம். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பார்த்தோம்: ரெயில் அழுத்தம் ஐடிலில் 2.4, பூஸ்டில் 3.5 என்று இன்டேக் அழுத்தத்தைப் பின்தொடர்ந்தது; அதில் குறையில்லை.

எரிபொருள் அட்டவணையில் ஐடில் பக்கத்து மேட்டை இறக்கி, பக்கத்துக் கட்டங்களோடு சமமாக்கி ஸ்டார்ட் செய்தோம். பெரிதாகக் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. இது எனக்கு எப்போதும் பிடித்த அடையாளம்: அடிப்படை எண்கள் உண்மையாக இருந்தால் அட்டவணை வழுவழுப்பாக வரும், மேடு பள்ளம் இருந்தால் எங்கோ ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஃபேன் ஓடினாலும் ஹெட்லைட் போட்டாலும் ஐடில் இப்போது அசைவதில்லை.

பூஸ்டில் கூட்டு லாம்டா அதே 0.82-ல்தான் வைத்தோம். திரையைப் பார்ப்பவருக்கு முன்பும் பின்பும் ஒரே எண். பிளக்குகள் நான்கும் ஒரே பழுப்பு. ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாய் வாயிலும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் வெப்பம் பார்த்தோம். முன்பு தனியாகத் தெரிந்த மூன்றாவது இப்போது மற்றவற்றோடு சேர்ந்து நின்றது. அந்தத் துப்பாக்கியின் எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குழாயின் நிறமும் துருவும் அதைக் குழப்பும், ஒப்பிடுவதற்கு மட்டும் சரி. 6,000 சுற்றில் துடிப்பு 15.2 மில்லி செகண்ட். ஒரு சுழற்சிக்கு இருப்பது 20 என்பதால் 76 சதவீதம். 85-ஐத் தாண்டாதவரை இன்ஜெக்டருக்கு மூச்சு இருக்கிறது. நாக்கிங் போய்விட்டதால், பழைய டியூனர் பின்னால் இழுத்துவைத்திருந்த இக்னிஷனில் (தீப்பொறி விழும் நேரத்தில்) இரண்டு டிகிரியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

"எத்தனை எச்.பி. கூடியிருக்குண்ணே?" என்று உரிமையாளர் கேட்டார். சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றாத வண்டிக்கு நான் எண் சொல்வதில்லை. இரண்டு டிகிரி இக்னிஷனும் நான்கு சிலிண்டரும் சேர்ந்து வேலை செய்வதும் ஓட்டும்போது தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

மீதி வேலை

நான்கு இன்ஜெக்டர்களிலும் எண் குறித்து, எது எந்த சிலிண்டரில் இருக்கிறது, முழுத் திறப்பு எவ்வளவு, டெட் டைம் எவ்வளவு என்று ஒரு தாள் எழுதி வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்து கழற்றுகிறவர் இடம் மாற்றி மாட்டினாலும் கணக்கு தெரியும். உரிமையாளர் திரும்பிப் போகும்போது டேங்கை முழுதாக நிரப்பி, மூடியை இறுக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். வாப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பாராம். அதைச் செய்ய வேண்டாம் என்றேன். இன்ஜின் சூடேறாமல் நின்றால் புகைக்குழாயிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டட்டும், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

பாக்கி இருப்பது குளிர் ஸ்டார்ட் அட்டவணை. மேப் போட்டது கோடையில். காலையிலேயே இன்ஜின் 30 டிகிரிக்கு மேல் நின்றது. அதற்குக் கீழே உள்ள கட்டங்களில் பழைய டியூனரின் எண்கள்தான் இன்னும் இருக்கின்றன, அவை தப்பான டெட் டைமை ஈடுகட்ட எழுதப்பட்டவை. மார்கழிக் காலையில் வண்டி அதிக பெட்ரோலோடு கரும்புகை விட்டுக் கிளம்ப வாய்ப்பு உண்டு. டிசம்பரில் அவர் ஊருக்கு வரும்போது அதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.